இங்கிலாந்தின் ஒரு ஹண்ட்ரடையும் அதன் ஊர்களையும் கோத்தகிரியில் இருந்தபடியே தேடுவது எப்படி

இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தின் பழைய கதை வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் முதல் வார்த்தை இதுதான்: ஊரைத் தேடாதீர்கள், அது எந்த ஹண்ட்ரடில் இருந்தது என்று தேடுங்கள். ஊர்ப் பெயரைக் கூகுளில் போட்டால் அங்குள்ள டீக்கடை, பஸ் நேரம், வீட்டு வாடகை எல்லாம் வரும். எழுநூறு, எண்ணூறு வருடம் முந்திய ஆவணம் வராது. ஏனென்றால் அந்தக் காலத்து வரிக் கணக்கு, வழக்குப் பட்டியல், விசாரணை அறிக்கை பெரும்பாலும் ஊர் ஊராகத் தனித்தனியே எழுதப்படவில்லை. மாவட்டத்துக்கும் ஊருக்கும் நடுவே இருந்த ஹண்ட்ரட் என்ற பிரிவைத் தலைப்பாகப் போட்டு, அதற்குக் கீழேதான் ஊர்களை அடுக்கினார்கள்.

நான் வருவாய்த்துறையில் ஆர்.ஐ.யாக, அதாவது வருவாய் ஆய்வாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஆபீஸில் இது தினசரி சங்கதி. “எங்க தாத்தா நிலம் சார்” என்று ஒருவர் வந்து நிற்பார். எந்தத் தாலுகா, எந்த ஃபிர்கா, எந்த வருவாய் கிராமம், சர்வே நம்பர் என்ன என்று வரிசையாகக் கேட்காமல் பீரோவைத் திறக்க மாட்டோம். ஹண்ட்ரட் என்பதைக் கிட்டத்தட்ட நம் ஃபிர்கா என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம் உண்டு. நம் ஃபிர்காவுக்கு ஒரு அதிகாரிதான் இருக்கிறார். அவர்கள் ஹண்ட்ரடுக்குச் சொந்தமாக ஒரு நீதிமன்றமே இருந்தது.

இந்த வேலையில் நான் இறங்கக் காரணம் என் அக்கா மகள். மில்டன் கீன்ஸ் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். “மாமா, இங்க எல்லாமே புதுசு, ரவுண்டானாவைத் தவிர ஒண்ணும் இல்ல, பழைய ஊருன்னு ஒண்ணு இருந்ததா?” என்று வாட்ஸாப்பில் கேட்டாள். அந்த நகரம் 1967-இல் அரசு அறிவித்துக் கட்டியது, அதுவரை சரி. ஆனால் அது எழுந்த இடத்தில் ஒரு ஹண்ட்ரடே இருந்தது, அதன் ஊர்கள் எல்லாம் பெயரோடு நகரத்துக்குள்ளேயே கிடக்கின்றன. அதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். உங்கள் பிள்ளை லீட்ஸில் இருந்தாலும் கென்ட்டில் இருந்தாலும் வழி ஒன்றுதான்.

ஹண்ட்ரட் என்றால் என்ன

பத்தாம் நூற்றாண்டில் ஆங்கிலோ சாக்சன் அரசர்கள் காலத்தில் இது ஒழுங்கான வடிவத்துக்கு வந்தது. நூறு ஹைடு நிலம் கொண்ட பகுதி என்பது ஏட்டளவுக் கணக்கு. நடைமுறையில் சில ஹண்ட்ரட் பெரிது, சில சின்னது. ஹைடு என்பது ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம், சுமார் 120 ஏக்கர் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அதை ஏக்கராக மாற்றிப் பார்க்கப் போகாதீர்கள், அது வரி விதிப்பதற்கான அலகு. ஹெக்டேர், ஏர்ஸ் என்று பழகிய கைக்கு முதலில் இது எரிச்சலாகத்தான் இருக்கும்.

தேடுவதற்கு முன் இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். எல்லா மாவட்டத்திலும் இதே பெயர் கிடையாது. டேனிஷ்காரர்கள் குடியேறிய யார்க்ஷயர், லிங்கன்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் பக்கம் இதற்கு வேப்பன்டேக் என்று பெயர். வடக்கே டர்ஹாம், நார்தம்பர்லாண்ட் பகுதிகளில் வார்டு. கென்ட்டில் ஹண்ட்ரடுக்கு மேலே லேத் என்று ஒரு அடுக்கு, சசெக்ஸில் ரேப் என்று ஒரு அடுக்கு. லீட்ஸில் இருக்கும் பிள்ளைக்காக ஹண்ட்ரட் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. வேப்பன்டேக் என்று தேடினால் ஸ்கைராக் என்ற பெயர் வந்து நிற்கும்.

முதலில் இன்றைய முகவரியைப் பழைய முகவரியாக மாற்றுங்கள்

இன்றைய நகரப் பகுதிப் பெயரை வைத்துக்கொண்டு அது எந்தப் பழைய பாரிஷில் இருந்தது என்று பாருங்கள். பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி. பிறகு அந்தப் பாரிஷ் எந்த ஹண்ட்ரட் என்று பாருங்கள். இதற்கு நல்ல கருவி ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளம். பெயர் ஸ்காட்லாந்து என்றாலும் மைலுக்கு ஆறங்குலம் என்ற அளவில் வரைந்த இங்கிலாந்தின் பழைய நில அளவைப் படங்கள் எல்லாம் அதில் இலவசமாக இருக்கின்றன. இன்றைய சாட்டிலைட் படத்தையும் பழைய படத்தையும் பக்கம் பக்கமாக வைத்து நகர்த்தலாம். புலப்படம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது திருவிழா. நான் இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன்.

மில்டன் கீன்ஸ் இருப்பது பக்கிங்ஹாம்ஷயர். 1086-இல் நாடு முழுக்க எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கெடுப்பில் (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) அந்த மாவட்டத்தில் 18 ஹண்ட்ரடுகள். பிற்பாடு அவற்றை மூன்று மூன்றாகச் சேர்த்துவிட்டார்கள். செக்லோ, பன்ஸ்டி, மல்ஸோ என்ற மூன்றும் சேர்ந்து நியூபோர்ட் ஹண்ட்ரட் ஆனது. அருகில் உள்ள நியூபோர்ட் பாக்னல் என்ற சந்தை ஊர்தான் அதன் தலைமையிடம். ஆகவே நோட்டில் இரண்டு பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆரம்ப கால ஆவணத்துக்குச் செக்லோ, பிற்கால ஆவணத்துக்கும் அச்சுப் புத்தகங்களுக்கும் நியூபோர்ட். நம் பக்கம் தாலுகா பிரிந்ததும் ஒரே நிலத்தின் பழைய ரிக்கார்டு ஓரிடத்திலும் புது ரிக்கார்டு வேறிடத்திலும் கிடப்பது போலத்தான்.

இங்கே ஒரு குழப்பம் வரும். வில், மேனர், பாரிஷ் மூன்றும் ஒன்றல்ல. வில் என்பது வரி கட்டும் ஊர். மேனர் என்பது ஒரு பிரபுவின் உடைமை. பாரிஷ் என்பது கோயில் எல்லை. மூன்றும் ஒரே கோட்டில் பொருந்தும் ஊரும் உண்டு, ஒரு வில்லுக்குள் மூன்று மேனர் இருக்கும் ஊரும் உண்டு. நம்மிடம் வருவாய் கிராம எல்லை வேறு, ஊராட்சி எல்லை வேறு என்பதை ஏற்றுக்கொண்டவர்களுக்கு இது புரியும்.

ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ரோமானிய நெடுஞ்சாலையான வாட்லிங் ஸ்ட்ரீட் ஊருக்கு நடுவே போகிறது. 1290-இல் முதலாம் எட்வர்டின் அரசி எலினார் இறந்தபோது அவள் உடல் லண்டனுக்குப் போகும் வழியில் தங்கிய இடங்களில் எல்லாம் அரசன் சிலுவைத் தூண் எழுப்பினான், அதில் ஒன்று இந்த ஊரில் இருந்தது. இவ்வளவு பேர்போன ஊர் 1086 கணக்கில் இல்லவே இல்லை! காரணம், அப்போது அது ஊராகவே உருவாகவில்லை. சாலையின் ஒரு பக்கம் வுல்வர்ட்டன் நிலம், மறு பக்கம் கால்வர்ட்டன் நிலம். போக்குவரத்து கூடிய பிறகு இரண்டின் ஓரத்திலும் கடைகளும் சத்திரங்களும் முளைத்து ஊரானது. உங்கள் ஊர் 1086-இல் கிடைக்கவில்லை என்றால், ஊர் இல்லை என்று முடிவு கட்டாமல் பக்கத்து ஊர்களின் எல்லைக்குள் பாருங்கள். ஹண்ட்ரடாகத் தேடுவதன் லாபம் இதுதான்.

கூட்டம் கூடிய இடத்தைக் கண்டுபிடியுங்கள்

ஹண்ட்ரடின் பெயரே பெரும்பாலும் அது கூடிய இடத்தின் பெயர்தான். மேடு, மரம், கல், ஆற்றுத் துறை, இப்படி எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம். டெர்பிஷயரில் ஆப்பிள்ட்ரீ என்றே ஒரு ஹண்ட்ரட் உண்டு. ஸ்கைராக் கூடியது ஓர் ஓக் மரத்தடியில். ‘லோ’ என்று முடிந்தால் பெரும்பாலும் மேடு. செக்லோவும் அப்படித்தான்.

பெரிய ஊரின் நடுவே கூட மாட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். பல ஊர் எல்லைகள் சந்திக்கும் பொட்டலாகத்தான் இருக்கும். யார் வீட்டு வாசலும் அல்ல என்பதால் எல்லோரும் வரலாம். ஆகவே பழைய படத்தில் மூன்று நான்கு பாரிஷ் எல்லைகள் ஒரே புள்ளியில் வந்து முட்டும் இடம் இருந்தால் அங்கே உற்றுப் பாருங்கள்.

செக்லோ மேடு இன்றும் இருக்கிறது. மில்டன் கீன்ஸ் மைய நூலகத்தின் பின்புறம், மரங்களுக்கு நடுவே. 1970-களில் தோண்டி ஆராய்ந்தார்கள். பிணம் புதைத்த மேடு அல்ல, கூட்டத்துக்கென்றே மண்ணைக் கொட்டி எழுப்பியது என்பது ஆய்வாளர்களின் முடிவு. அக்கா மகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போகச் சொன்னேன். கையில் கடைச் சாமான் பையோடு நின்று ஒரு படம் அனுப்பினாள். புல் முளைத்த வட்டமான திட்டு, சுற்றிலும் ஈர இலைகள், பின்னால் கார் நிறுத்துமிடம். “இதுக்கா மாமா என்னை மழையில அனுப்பினீங்க?” என்று கீழே ஒரு வரி. அவள் தினமும் கடக்கும் செக்லோ கேட் என்ற சாலைக்கும் இதே பெயர்தான், அதை நான் சொன்ன பிறகுதான் கொஞ்சம் சமாதானம் ஆனாள்.

அந்த மேட்டில் என்ன நடந்தது? பத்தாம் நூற்றாண்டுச் சட்டப்படி நான்கு வாரத்துக்கு ஒரு முறை கூட்டம். 1234-இல் மூன்றாம் ஹென்றி மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று மாற்றினார். சின்னக் கடன், அடிதடி, மாடு வயலில் இறங்கியது போன்ற வழக்குகள். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் மாவட்டத்தில் அரசனின் அதிகாரியான ஷெரீஃப் நேரில் வந்து பெரிய கூட்டம் நடத்துவார். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் பத்துப் பத்துப் பேர் கொண்ட டைத்திங் என்ற குழுவில் சேர்ந்திருக்க வேண்டும், ஒருவன் தப்பு செய்து ஓடினால் மற்றவர்கள் பொறுப்பு. அந்தக் குழுக்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சரிபார்ப்பது அந்தக் கூட்டத்தின் வேலை. வருடா வருடம் கிராமக் கணக்கைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தியில் கணக்குப் புத்தகத்தோடு கைகட்டி நின்ற அனுபவம் எனக்கு உண்டு. ஆளையே எண்ணிப் பார்த்த ஜமாபந்தி இது.

ஹண்ட்ரட் மொத்தமும் சேர்ந்து அபராதம் கட்டியதும் உண்டு. நார்மானியர் 1066-இல் நாட்டைப் பிடித்த பிறகு, ஒரு நார்மானியன் கொலையாகிக் கிடந்து கொலைகாரன் பிடிபடவில்லை என்றால் அந்த ஹண்ட்ரடே பணம் கட்ட வேண்டும். செத்தவன் ஆங்கிலேயன்தான் என்று நிரூபித்தால் தப்பிக்கலாம். இது 1340 வரை இருந்தது. 1285-இல் வந்த வின்செஸ்டர் சட்டம் வழிப்பறிக்கும் ஹண்ட்ரடைப் பொறுப்பாக்கியது. இந்த வழக்கெல்லாம் அரச நீதிபதிகள் சுற்றுப்பயணம் வந்தபோது எழுதிய சுருள்களில் பதிவாகியிருக்கும். ஊரில் யார் யாரோடு சண்டை என்று தெரிய வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும், சுவாரசியம் முழுக்க அதில்தான்.

டூம்ஸ்டே: சிட்டாவை ஏ-பதிவேடாக மாற்றும் வேலை

1085 கிறிஸ்துமஸ் சமயம் முதலாம் வில்லியம் அரசன் குளோஸ்டரில் ஆலோசனை நடத்தி, அடுத்த வருடம் நாடு முழுக்க நிலக் கணக்கு எடுக்கச் சொன்னான். அதுதான் டூம்ஸ்டே. அதிகாரிகள் வந்தபோது பிரமாணம் செய்து பதில் சொன்னது ஹண்ட்ரடின் ஆட்கள்தான்: ஒவ்வொரு ஊரிலிருந்தும் பாதிரியார், ஊர்க் காரியக்காரர், ஆறு குடியானவர்கள். கேள்விகள் எல்லா இடத்திலும் ஒன்றே. மேனரின் பெயர் என்ன, 1066 தொடக்கம் வரை ஆண்ட பழைய எட்வர்ட் அரசர் காலத்தில் யார் வைத்திருந்தார், இப்போது யார், எத்தனை ஹைடு, எத்தனை ஏர், குடியானவர் எத்தனை, அடிமைகள் எத்தனை, காடு, புல்வெளி, ஆலை, மீன் பிடிக்கும் இடம், அப்போது மதிப்பு என்ன, இப்போது என்ன. நில வரித் திட்டத்தில் வேலை பார்த்த எவரும் இந்தப் பட்டியலைப் பார்த்துப் புன்னகைப்பார்.

எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. கேள்வி கேட்டது ஹண்ட்ரட் வாரியாக. புத்தகத்தில் எழுதியதோ உடைமைக்காரர் வாரியாக. மாவட்டத் தலைப்பு, அதன் கீழ் முதலில் அரசன், பிறகு பிஷப்புகள், பிறகு பிரபுக்கள், ஒவ்வொருவரின் கீழும் ஹண்ட்ரட் பெயர், அதற்கும் கீழே ஊர். நம் பாஷையில் சொன்னால் அது சிட்டா. பட்டாதாரரைப் பிடித்தால் அவருடைய நிலம் எல்லாம் கிடைக்கும், ஊர் முழுதாகக் கிடைக்காது. பிராட்வெல், லௌட்டன் போன்ற ஊர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பிரபுக்களின் பக்கங்களில் துண்டு துண்டாகக் கிடக்கும். ஒன்றைப் பார்த்துவிட்டு இதுதான் ஊர் என்று நினைத்தால் கணக்கு உதைக்கும்.

செய்ய வேண்டியது இது. ஓப்பன் டூம்ஸ்டே என்ற இலவசத் தளத்தில் ஹண்ட்ரட் வாரியாகவே பார்க்கும் வசதி இருக்கிறது. செக்லோவைத் திறந்து, அதில் வரும் ஒவ்வொரு ஊரையும் ஒரு வரியாக எழுதுங்கள். ஒரே ஊர் பல முறை வந்தால் பல வரி. பெரிய கணக்கு நோட்டில் கட்டம் போட்டு, ஊர், 1066-இல் யார், 1086-இல் யார், ஹைடு, ஏர், ஆட்கள், ஆலை, மதிப்பு என்று நிரப்புங்கள். கம்ப்யூட்டரில் எக்ஸெல் தெரிந்தவர்கள் அதில் போடலாம், எனக்கு நோட்டுதான் சரிப்பட்டது. முடிந்ததும் ஊர் வாரியாகக் கூட்டுங்கள். இப்போது உங்கள் கையில் இருப்பது ஏ-பதிவேடு, அதாவது ஊர் வாரியான நிலக் கணக்கு. யாருக்கு எந்த ஊரில் எவ்வளவு என்பது மட்டுமில்லாமல், பக்கத்து ஊரோடு ஒப்பிட்டால் எது செழிப்பு, எது வறட்சி என்றும் தெரியும்.

வுல்வர்ட்டன் வரியைப் பாருங்கள். 20 ஹைடு, வைத்திருப்பவர் மெய்னூ என்ற பிரெட்டன்காரர், அதாவது பிரான்ஸின் பிரிட்டனி பகுதிக்காரர். நார்மானியரோடு வந்தவர்களில் ஒருவர். இந்த ஒரே ஊரை வைத்துப் பார்த்தால் 20 என்பது வெறும் எண். அக்கம்பக்கத்து வரிகளோடு வைத்துப் பார்த்தால்தான் இது பெரிய கை என்று தெரிகிறது, அவர் தன் தலைமையிடமாக இதை ஏன் வைத்துக்கொண்டார் என்பதும் விளங்குகிறது. வுல்வர்ட்டனில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் மண்கோட்டை மேடு இன்றும் நிற்கிறது.

படிக்கும்போது மனதில் வைக்க வேண்டியவை சில. ஆட்கள் எண்ணிக்கை என்பது குடும்பத் தலைவர்கள் மட்டும், ஆகவே நாலரை அல்லது ஐந்தால் பெருக்கி மக்கள்தொகையை உத்தேசமாகச் சொல்வார்கள். ஒரு ஏர் என்றால் எட்டு எருதுகள். ஒரு ஹைடு நான்கு விர்கேட். ஒரு பவுண்டு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங் 12 பென்ஸ். எசெக்ஸ், நார்ஃபோக், சஃபோக் மூன்றுக்கும் தனிப் புத்தகம், அதில் ஆடு மாடு எண்ணிக்கை உட்பட விவரம் அதிகம். பெண்கள் பெயர் அபூர்வம். தேவாலயம் குறிப்பிடப்படவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம் ஆகாது.

அடுத்த முந்நூறு வருடம்

டூம்ஸ்டேயோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். அது பாவம். அதற்குப் பிறகுதான் சாதாரண மனிதர்கள் பெயரோடு வருகிறார்கள்.

1274-இல் சிலுவைப் போரிலிருந்து திரும்பிய முதலாம் எட்வர்ட், தான் இல்லாதபோது யார் யார் அரச உரிமையைச் சுருட்டினார்கள், எந்த அதிகாரி லஞ்சம் வாங்கினான் என்று ஹண்ட்ரட் ஹண்ட்ரடாக விசாரிக்கச் சொன்னான். அதன் முடிவுதான் ஹண்ட்ரட் சுருள்கள். பல ஹண்ட்ரடுகள் அப்போதே தனியார் கையில் இருந்தன. சஃபோக்கில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்தின் கையில் மட்டும் எட்டரை ஹண்ட்ரட். 1279-இல் இன்னும் விரிவாக, குடியானவன் பெயர், அவன் கொடுக்கும் குத்தகை வரை எழுதிய விசாரணை நடந்தது, அது ஒருசில மாவட்டங்களுக்கே மிச்சம் இருக்கிறது, பக்கிங்ஹாம்ஷயரின் ஒரு பகுதியும் அதில் சேரும். இந்தச் சுருள்களை லத்தீனிலேயே இரண்டு பெரிய தொகுதிகளாக அச்சிட்டார்கள், முதலாவது 1812-இல், இரண்டாவது 1818-இல். 1812 என்பது வில்லியம் கீஸ் நீலகிரியை முதன்முதலாகச் சர்வே செய்ய ஏறிய வருடம், 1818 என்பது விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் ஏறிய வருடம். லண்டனில் ஒரு மேசையில் பழைய கணக்கை அச்சுக் கோக்கிறார்கள், இங்கே புதுக் கணக்கை ஆரம்பிக்கிறார்கள். எதேச்சையாக அமைந்ததுதான். ஆனாலும் நான் இரண்டு வருடத்தையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

1316-இல் ராணுவத்துக்கு ஆள் எடுக்க, எந்த ஹண்ட்ரடில் எந்த ஊர், யார் பிரபு என்று ஒரு பட்டியல் தயாரித்தார்கள். ஊர்ப் பட்டியலைச் சரிபார்க்க இதைவிட வசதியானது இல்லை. 1334-இல் ஊருக்கு இவ்வளவு என்று வரி நிர்ணயித்தார்கள், அதே தொகை அடுத்தடுத்த நூற்றாண்டுகளிலும் அடிப்படையாக நீடித்தது. 1377-இல் பதினான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் நான்கு பென்ஸ் தலைவரி. 1381-இல் மூன்றாவது முறை வந்தபோது ஜனங்கள் கிளர்ந்துவிட்டார்கள்.

1334 தொகையையும் 1377 தலை எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்தால், நடுவில் 1348-இல் வந்த கொள்ளைநோய் எந்த ஊரை எவ்வளவு அடித்தது என்று ஓரளவு தெரியும். மறுபடியும் சொல்கிறேன், ஒரு ஊரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ஹண்ட்ரட் முழுக்க வைத்துத்தான் சொல்ல முடியும்.

தேதி விஷயத்தில் ஜாக்கிரதை. ஆவணத்தில் ‘எட்வர்டின் மூன்றாம் ஆட்சியாண்டு’ என்று இருக்கும். முதலாம் எட்வர்டின் ஆட்சி 1272 நவம்பர் 20-இல் தொடங்கியது, ஆகவே மூன்றாம் ஆண்டு என்பது 1274 நவம்பரில் ஆரம்பித்து 1275 நவம்பரில் முடியும். அப்புறம், அங்கே 1752-க்கு முன் புத்தாண்டு பிறந்தது மார்ச் 25-இல். பழைய ஏட்டில் 1315 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1316. நம் வருவாய்க் கணக்கின் ஃபசலி ஆண்டு ஜூலையில் பிறக்கும், 590 கூட்ட வேண்டும் என்று பழகிய தலைக்கு இது ஒன்றும் பாரமில்லை.

காணாமல் போன ஊர்கள்

பட்டியலில் இருக்கும், தரையில் இருக்காது. ஒவ்வொரு ஹண்ட்ரடிலும் இப்படி ஒன்றிரண்டு ஊர் அகப்படும். செக்லோவில் ஸ்டான்டன்பரி அப்படி ஒன்று. புனித பீட்டர் தேவாலயத்தின் இடிந்த சுவர்கள் மட்டும் ஆற்றோரம் நிற்கின்றன. அதன் பழைய நார்மானிய வளைவைப் பெயர்த்து நியூ பிராட்வெல் தேவாலயத்தில் வைத்துவிட்டார்கள். பெயர் மட்டும் புது நகரத்தில் ஒரு குடியிருப்புப் பகுதிக்கு ஒட்டிக்கொண்டது. பழைய வுல்வர்ட்டனும் வயலாகிப் போனது, 1838-இல் ரயில் வந்ததும் ரயில்வே பட்டறைக்காகத் தள்ளி ஒரு புது வுல்வர்ட்டன் எழுந்தது.

கொள்ளைநோய்தான் எல்லா ஊரையும் அழித்தது என்று சுலபமாக எழுதிவிடுவார்கள். நம்பாதீர்கள். பல ஊர்கள் நோய்க்குப் பிறகும் நூறு வருடம் தள்ளாடி ஓடின. கம்பளி விலை ஏறியதும் பிரபுக்கள் பொது வயலை வேலி போட்டு ஆட்டுக்கு விட்டார்கள், அப்போதுதான் கடைசிக் குடும்பமும் போனது. வுல்வர்ட்டனில் மீதிப் பொது வயல் 1654-இல்தான் வேலிக்குள் போனது. மேய்ச்சல் நிலமும் ராகிக் காடும் தேயிலையாக மாறியதைக் கண்ணால் பார்த்த மலைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தேடும் வழி: நான் சொன்ன வரைபடத் தளத்திலேயே லைடார் என்ற அடுக்கு இருக்கிறது. விமானத்தில் இருந்து லேசர் வீசித் தரையின் மேடு பள்ளத்தை மட்டும் எடுத்த படம். ஊர் இருந்த இடத்தில் தாழ்ந்த பாதைகளும், வீட்டு மனைகளின் சதுரத் திட்டுகளும், சுற்றிலும் பழைய உழவு வரப்புகளும் வரிவரியாகத் தெரியும். எதைப் பார்த்தாலும் முதலில் அந்த வரிகள் ஓடும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள், திசை மாறும் இடமே பழைய வயல் எல்லை.

புத்தகத்துக்குப் போனால்

விக்டோரியா கவுண்டி ஹிஸ்டரி என்று 1899-இல் தொடங்கிய ஒரு பெருந்தொகுப்பு இருக்கிறது. ஹண்ட்ரட் வாரியாக, பாரிஷ் பாரிஷாக எழுதியது. நியூபோர்ட் ஹண்ட்ரட் வருவது பக்கிங்ஹாம்ஷயரின் நான்காம் தொகுதி, 1927. பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் தளத்தில் படிக்கலாம். அருமையான வேலை, ஆனால் பழைய தொகுதிகளில் மேனர் யாரிடம் இருந்து யாருக்குப் போனது என்பதே பக்கம் பக்கமாக ஓடும். பட்டா மாறுதல் கதைதான். உழுதவன் என்ன ஆனான் என்பதற்கு நான் மேலே சொன்ன வரிப் பட்டியல்களுக்குத்தான் திரும்ப வேண்டும். அடிக்குறிப்புகளை விடாதீர்கள், எந்தச் சுருளில் இருந்து எடுத்தார்கள் என்பது அங்கேதான் இருக்கும். மூல ஆவணம் வேண்டும் என்றால் பெரும்பாலும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம், உள்ளூர் ஆவணம் என்றால் ஐல்ஸ்பரியில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகம். 1538-இல் இருந்து பாரிஷ் தேவாலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எழுதும் வழக்கம் வந்தது, குடும்பக் கதை தேடுபவர்களுக்கு அதுதான் வாசல்.

ஹண்ட்ரட் எப்போது செத்தது என்று கேட்பார்கள். சட்டம் போட்டு யாரும் ஒழிக்கவில்லை. 1867-இல் அதன் நீதிமன்ற அதிகாரம் பெரும்பாலும் போனது. கலவரச் சேதத்துக்கு ஈடு கட்டும் பொறுப்பு 1886-இல் போனது. 1894-இல் புது மாவட்டக் கவுன்சில்கள் வந்ததும் வேலையே இல்லாமல் போனது. ஆனாலும் பாராளுமன்றத்தில் பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறது. பிரிட்டிஷ் எம்.பி. தானாக ராஜினாமா செய்ய முடியாது. அதனால் பக்கிங்ஹாம்ஷயரின் ஸ்டோக், டெஸ்பரோ, பர்ன்ஹாம் என்ற மூன்று சில்டர்ன் ஹண்ட்ரடுகளின் காரியஸ்தர் பதவி கேட்டு விண்ணப்பிப்பார். அது அரச பதவி என்பதால் எம்.பி. பதவி தானாகப் போய்விடும். வேலையும் கிடையாது, சம்பளமும் கிடையாது.

இதே முறையை இங்கேயும் போடலாம்

நம் மலையில் கோத்தகிரி பக்கம் பொரங்காடு சீமை, மற்றவை தொதநாடு, மேற்குநாடு, குந்தை. நான்கும் சேர்ந்து நாக்குபெட்டா என்று படகர்கள் சொல்வார்கள். ஜனவரியில் ஹெத்தையம்மன் திருவிழாவுக்குப் பேரகணியில் கூட்டம் கூடும்போது சீமை என்பது ஏட்டில் மட்டும் இருக்கும் பிரிவு இல்லை என்று தெரியும். ஆகவே ஒரு ஹட்டியின், அதாவது படகர் ஊரின், வரலாறு எழுத வருகிற பிள்ளைகளிடமும் நான் அதையே சொல்கிறேன், சீமையை முதலில் எடு.

வரிசையும் அதேதான். 1603-இல் ஃபெனிசியோ என்ற பாதிரியார் மலைக்கு வந்து தோடரையும் படகரையும் பார்த்து எழுதியது, 1799-இல் மலை கம்பெனி கைக்கு வந்தது, 1847-இல் ஆக்டர்லோனியின் சர்வே, 1868-இல் கோயம்புத்தூரில் இருந்து பிரித்து பிரீக்ஸ் என்பவரைக் கமிஷனராகப் போட்டது, 1880-இல் கிரிக் எழுதிய மாவட்டக் கையேடு, அப்புறம் நிலவரித் திட்டப் பதிவேடுகள். ஒவ்வொன்றிலும் உங்கள் சீமையின் ஊர்களை மட்டும் பொறுக்கி ஒரே நோட்டில் கட்டம் போடுங்கள். 1847 கணக்கில் பெயர் மாறி எழுதியிருப்பார்கள், வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி. அதே வரியில் இன்றைய பெயரையும் சர்வே கிராம எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நோட்டின் இடது பக்கத்தைக் காலியாக விடுங்கள். பின்னால் கிடைக்கும் திருத்தங்களுக்கு அது வேண்டும். பென்சிலில் எழுதுங்கள், மழைக்காலத்தில் இங்கே பேனா மை பூஞ்சையில் கலங்கிவிடும்.